ப்ளெட்ஜ் என்ற சொல்லை அடித்த ஷைனா

ஷைனாவை முதலில் பார்த்தது 1997 செப்டம்பரில், டெக்சாஸில் நான் எம்.எஸ். படித்த பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்க அலுவலகத்தில். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்த அலுவலகத்தில் எனக்குப் பகுதிநேர வேலை. சொராரிட்டி ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றாள். விடுதியில் இடம் கேட்கிறாள் என்று நினைத்து வேறு படிவத்தைக் கொடுத்தேன். சிரித்துவிட்டு விளக்கினாள்: பெண்கள் மட்டும் சேரும் சங்கம், சேர்ந்தால் ஆயுளுக்கும் சகோதரிகள்.

நாகர்கோவில் குடும்பம், ஹூஸ்டனில் வளர்ந்தவள். முதலாண்டில் கெமிஸ்ட்ரியில் தோற்று, வீட்டில் சொல்லப் பயந்து, ஒரு மாதம் அறைக்குள்ளேயே கிடந்திருக்கிறாள். இருந்த சங்கங்கள் எதுவும் அவளுக்கு ஒட்டவில்லை. இந்தியப் பெண்களுக்கென்று தானே ஒன்றைத் தொடங்கினாள். அதன் முதல் விதி: யாரும் தனியாக ஃபெயில் ஆகக் கூடாது.

பதிவுக்கு ஐந்து பேர் வேண்டும்; வெள்ளிக்கிழமை கடைசி நாள். விட்டால் இன்னும் ஓராண்டு. நான்கு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. ஐந்தாமவள் டாலஸ் பக்கத்துப் பிளானோ ஊர்ப் பெண் வெண்பா. அப்பா நஞ்சுண்டன் வேண்டாம் என்றுவிட்டதாக வியாழன் காலை வந்து அழுதாள். அவளையும் ஷைனாவையும் என் பழைய கரோலா காரில் ஏற்றிக்கொண்டு, மூன்று மணி நேரம் ஓட்டி அவர் வீட்டுக்குப் போனேன்.

பொள்ளாச்சிக்காரர். காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு, சங்கத்திலிருந்து மகளுக்கு வந்த கடிதத்தை நீட்டினார். வெண்பா எங்கள் ப்ளெட்ஜ் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"எங்கூர் பேங்குல ப்ளெட்ஜுன்னா நகையத்தானுங்க வெப்பாங்க. எம்புள்ள என்ன ஆரமா, அட்டிகையா?"

ஷைனாவுக்குப் புரியவில்லை. அடகு என்று விளக்கினேன். உறுதிமொழி எடுத்துச் சேர்கிறவளை இந்த ஊர்ச் சங்கங்கள் அப்படித்தான் அழைக்கும் என்று வாதாடுவாள் என நினைத்தேன். வாதாடவில்லை. என் பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்தாள். அதன் மேலே, சண்டே ஸ்கூலில் கற்ற தமிழில், 'தங்கசி' என்று எழுதினாள்.

நஞ்சுண்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒரு 'ச்' உட்டுப்போச்சு அம்மிணி. அது கெடக்குது. இவளுக்கு ஒண்ணுன்னா நீ வருவியா?"

"வருவேன் அங்கிள். நான் ஃபெயில் ஆனப்ப யாரும் வரல. அதான் ஸ்டார்ட் பண்றேன்."

அவர் மகளைப் பார்த்து, போடு கையெழுத்தை என்றார்.

மறுநாள் ஐந்து கையெழுத்தோடு வந்த படிவத்தில் முத்திரை குத்தியது நான்தான். இது நடந்து நான்கு ஆண்டாகிறது; அந்த ஐவரும் பட்டம் வாங்கிவிட்டார்கள். இன்று சங்கத்தில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். குஜராத்திப் பெண்களும் புதியவளைத் தங்கச்சி என்றே கூப்பிடுகிறார்கள்.

ஷைனா இப்போது ஹூஸ்டனில் சட்டக் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறாள்.