நம்ம புருஷன் வந்துட்டார்

என் சித்திக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர்கள் அவளோடு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண்கள். சித்தப்பாவிடம் கேட்டால், அந்தப் பெயர் தனக்குக் கல்யாணத்தன்றே தோன்றிவிட்டது என்றும், வாயைத் திறக்க இடம் கிடைக்காததால் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றும் சொல்வார்.

ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற பெரிய கூடம் அது. சித்தி இருப்பது மடிப்பு அறையில். தலையணை உறையை ஒருத்தியே மடித்துவிடலாம். விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால், சண்டை போட்டுச் சமாதானமாகி மறுபடியும் சண்டைக்குக் கிளம்புகிறவர்கள் மாதிரி இருக்கும்.

சித்திக்கு ஜோடி ஊசி. உண்மைப் பெயர் வேறு. பேச்சு குத்தும் என்பதால் ஊசி. இருவரும் சேர்ந்து மடிக்க ஆரம்பித்தபோது சித்தியின் மூத்த மகள் தொட்டிலில் இருந்தாள். இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உலர்த்தும் இயந்திரங்களைக் கொஞ்ச நேரம் ஆறப்போடுவார்கள். அந்த அமைதியில்தான் வாசிப்பு. சித்தி முக்காலியில் உட்கார்ந்து சத்தமாகக் கதை படிப்பாள். அவள் பங்கு வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜோடி இல்லாமல் போகிற ஊசி அந்த நேரத்தில் தலையணை உறை மடிப்பாள். சூப்பர்வைசர் முதலில் முறைத்துத்தான் பார்த்தார். கதை நடக்கும்போது யாரும் கழிப்பறைக்குக்கூட எழுந்து போவதில்லை என்று தெரிந்ததும் முறைப்பதை விட்டுவிட்டார். வில்லன்களுக்கெல்லாம் சித்தி அவருடைய குரலைத்தான் வைத்திருந்தாள். ஒருநாள் வாசலில் நின்று கேட்டவர், "இந்த ஆளை எங்கியோ பாத்திருக்கேன்," என்று யோசித்துக்கொண்டே போனாராம்.

புத்தகங்கள் என் அலமாரியிலிருந்து போகும். கனமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. தப்பித் தவறிக் கவிதைப் புத்தகம் கையில் சிக்கினால் திரும்பி வந்துவிடும். "பாதிப் பக்கம் காலியா இருக்குடா. இதையும் காசு குடுத்தா வாங்கின?" நாவலிலும் வர்ணனைகள் அவளிடம் தப்புவதில்லை. "வானம் எப்படியோ இருந்துச்சு, அத விடு," என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுவாள்.

அந்த வருஷம் மடிப்பு அறைக்கு ஒரு புதிய பெண் வந்தாள். வேறு நாடு, வேறு இனம். எங்கள் யாரையும்விட நல்ல கறுப்பு, நல்ல உயரம், தலையோடு ஒட்டிச் சுருண்ட முடி. நம் மொழியைக் கடைத்தெருவில் பொறுக்கிச் சேர்த்தவள் போலப் பேசுவாள். அவளுக்குப் 'புதுசு' என்று பெயர் விழுந்தது. மாதங்கள் போயும் புதுசாகவே இருந்தாள்.

வந்த வாரமே ஒரு கூத்து. யாரோ வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு அவள் சொன்னாள்: "நம்ம புருஷன் பேக்கரில வேலை. நம்ம புருஷன் நல்லா சமைப்பார்."

ஊசி கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டாள். "நம்ம புருஷனா? அடிப்பாவி, எனக்கும் பங்கு இருக்குன்னு இத்தனை நாள் யாருமே சொல்லலியே. எந்தக் கிழமைடி என் முறை?"

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. புதுசும் கூடவே சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

சிரிப்பு வேறு, ஜோடி வேறு. அவளோடு விரிப்பு மடிக்க யாரும் போகவில்லை. ஏற்கனவே ஜோடி சேர்ந்தாயிற்று, நாம் என்ன செய்ய என்றார்கள். முனையைக் கொடுத்து வாங்கும்போது விரல் படும். அதைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஊசியைத் தவிர. "பழக்கமில்லாத கை," என்று அவள் ஒருமுறை சொன்னாள். எதுவும் பேசாத மற்றவர்களும் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஆட்டியவர்களில் சித்தியும் ஒருத்தி.

ஆகவே புதுசுக்கு ஜன்னலோர மூலை ஒதுக்கப்பட்டது. அங்கே சுவரில் ஒரு கொக்கி இருந்தது. விரிப்பின் ஒரு முனையை அதில் மாட்டிவிட்டு, மறு முனையைப் பிடித்து ஒற்றையாக மடிப்பாள். கொக்கி நடந்து வராது, அவள்தான் போய்ப் போய் வர வேண்டும். அறையின் பேச்சு வேறு மாதிரி இருந்தது: "அவளுக்கென்ன, ஜன்னலோரம். காத்து வாங்கிக்கிட்டு மடிக்கிறா. குடுத்து வச்சவ."

ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் வந்து அவளுடைய அடுக்கையும் மற்றவர்களின் அடுக்கையும் பார்த்தார். "தப்பு சொல்லலம்மா. வேகம் பத்தல. சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன், அப்பறம் என்னால முடியாது," என்றார். புதுசு தலையசைத்துவிட்டுக் கொக்கியிடம் திரும்பிப் போனாள்.

அன்று மதியம்தான் சித்தி புதிய நாவலை ஆரம்பித்தாள். எந்தக் காலத்திலோ வேற்று மொழியில் எழுதப்பட்டு, நம் மொழிக்கு வந்தது. கதை சொல்வது ஒரு சின்னப் பெண், படகுக்காரனின் மகள். சித்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்னப் பெண் குரலில் படித்தாள்:

"எங்கள் அப்பாவின் படகில் இரண்டு வரிசை இருக்கைகள். முன்னால் நாங்கள் உட்காருவோம். பின்னால் அவர்கள் உட்காருவார்கள். அவர்களுடைய நிறம் வேறு. பின் வரிசைதான் நல்ல வரிசை. அங்கேதான் தண்ணீர் தெறிக்கும். படகைத் தள்ளும் சக்கரம் தண்ணீரில் சுற்றுவது தெரியும். எத்தனை கெஞ்சினாலும் அப்பா என்னை அங்கே உட்கார விடுவதில்லை. அவர்களுக்கு மட்டும் ஏன் இந்த யோகம் என்று எனக்கு ஒரே பொறாமை."

எல்லோரும் சிரித்தார்கள். "கழுதை, நனையறதுக்குப் போட்டியா," என்றாள் ஊசி. எல்லோருடைய சிரிப்பும் ஓய்ந்த பிறகும் மூலையிலிருந்து ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. புதுசு கொக்கியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எல்லோரும் கைகழுவப் போனதும் சித்தி அந்த மூலைக்குப் போய் நின்று பார்த்தாள். காற்று இல்லை. ஜன்னல் கதவு சட்டத்தோடு சேர்த்து வண்ணம் பூசப்பட்டு ஒட்டிப்போயிருந்தது. அந்தப் பக்கம் உலர்த்தும் இயந்திரங்களின் புகைபோக்கி. கண்ணாடியில் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அடுப்பில் போட்ட கல் மாதிரி சுட்டது.

அன்றிரவுச் சாப்பாட்டில் ரேடியோ பாடவில்லை. சித்தப்பா கவலையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் படகுக்காரன் பொண்ணுக்கு எட்டு வயசுடா," என்றாள் சித்தி என்னிடம். "எனக்கு நாப்பத்தாறு. ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி." கொஞ்சம் பொறுத்து, "ஊசிகிட்ட நேரா சொன்னா எதிர்த்து நிப்பா. சனிக்கிழமை வரைக்கும் எதிர்த்து நிப்பா. அந்தப் பொண்ணு வேலையே போயிடும்," என்றாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தாள். மறுநாள் படிக்க வேண்டியதை முன்கூட்டியே படித்துப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

மறுநாள் அவள் ஒரு வர்ணனையைக்கூட விடவில்லை. "இன்னிக்கு வானமெல்லாம் வருதே," என்று ஊசி கிண்டல் செய்தாள். கதையில் படகு கரையைத் தொட்டது. பின் வரிசையிலிருந்து ஒரு பையன் இறங்கினான். சித்தி படித்தாள்:

"அவனிடம் போய், 'நாங்கள் மணலில் விளையாடப் போகிறோம்' என்றேன். அவன் முகம் மலர்ந்தது. ஓரடி எடுத்து வைத்தான். அதற்குள் அவன் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வெகுநேரம் காத்திருந்தேன். அவன் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை."

"எனக்கும் தெரியல," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். புதுசு கேட்டாள்: "அக்கா, ஏன் வரல? கூப்பிட்டாளே."

"எங்க கூப்பிட்டா?" என்றாள் ஊசி, உறையை மடித்துக்கொண்டே. "நாங்கள்னுல்ல சொன்னா."

"நாங்கள்னா?"

"நாங்கன்னா நாங்க. நீ இல்லாம."

"நாமன்னா?"

"நாமன்னா நீயும் சேத்தி. இதுகூடத் தெரியாதா? 'நாம வெளயாடப் போறோம்'னு சொல்லியிருந்தா அந்தப் பையன் ஓடியே வந்திருப்பான்."

"நம்ம பாஷைல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்," என்றாள் புதுசு. ஒருத்தி களுக்கென்று சிரித்து அடக்கினாள். புதுசு கவனிக்கவில்லை. கையில் பாதி மடித்த விரிப்போடு யோசித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஊசியைப் பார்த்து, குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், கணக்கு சரிபார்க்கிற குரலில் கேட்டாள்:

"அக்கா, டெய்லி காலைல நீங்க என்கிட்ட சொல்வீங்க. 'நாங்க டீ குடிக்கப் போறோம்.' அது கூப்பிடறது இல்லையா?"

ஊசி மடித்த உறையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான் கூப்பிடறீங்கன்னு நெனச்சேன். முதல் வாரம் பின்னாடியே வந்தேன். எல்லாரும் பெஞ்சுல நகந்து உக்காந்தீங்க. இடம் விடறீங்கன்னு நெனச்சேன். இடமே இல்ல. அப்பறம் வரல."

இயந்திரங்கள் ஓடினால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும் என்று சித்தி பிற்பாடு சொன்னாள். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த வரியையும் படிக்கவில்லை. ஊசிக்கு எதையும் தாங்கத் தெரியும், அமைதியைத் தவிர. உறைகளைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அந்தக் கொக்கி ஆடுது," என்றாள் பொதுவாக, சுவரைப் பார்த்து. "ஷீட்டு கிழிஞ்சா சூப்பர்வைசர் என் தலையைத்தான் உருட்டுவான்." மூலைக்குப் போய் விரிப்பைக் கொக்கியிலிருந்து கழற்றித் தானே பிடித்துக்கொண்டாள். "இழு. இன்னும் இழு. சாப்டியா இல்லையா நீ?"

இருவரும் உதறினார்கள். நடந்து வந்தார்கள். முனைகள் கை மாறின.

"என்னடி கை இப்படிச் சுடுது உனக்கு?"

"கை இல்லக்கா. ஜன்னல்."

ஊசி ஜன்னலைத் தொட்டுப் பார்த்தாள். ஆறேழு விரிப்பு வரைக்கும் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. சித்தி அவளுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தாள். அப்புறம் ஊசி, முனையைக் கொடுக்கும்போது, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆமா, இன்னிக்கு நம்ம புருஷன் என்ன சமைச்சுக் குடுத்தார்?"

புதுசு அவளை உற்றுப் பார்த்தாள். அந்தப் பழைய சிரிப்புக்கு இப்போதுதான் காரணம் விளங்கியது. கையிலிருந்த விரிப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ. எத்தனை மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றது விரிப்புக்குள்ளிருந்து குரல். சித்தி முக்காலியிலிருந்து விழாத குறை.

மறுநாள் காலை ஊசி அறை வாசலில் நின்று, "நாம டீ குடிக்கப் போறோம்," என்றாள், 'நாம' என்பதைப் பல்லுக்கடியில் கல் அகப்பட்ட மாதிரி அழுத்தி. பெஞ்சில் எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த முறை இடம் இருந்தது. கதையிலும் இரண்டு அத்தியாயம் தள்ளி அந்தச் சின்னப் பெண், யாரும் சொல்லித் தராமல், "நாம் விளையாடலாமா?" என்று கேட்டுவிட்டாள். "இப்பத்தான் புத்தி வந்துச்சு கழுதைக்கு," என்றாள் ஊசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சனிக்கிழமை சூப்பர்வைசர் வந்தார். ஜன்னலோர மேஜையில் அடுக்கு அவர் தோள் உயரத்துக்கு நின்றது. பக்கத்தில் கொக்கியில் விரிப்பை மாட்டி ஒற்றையாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் என் சித்தி.

"என்னம்மா நடக்குது இங்க? இது யாரு மடிச்சது?"

ஊசி வாயைத் திறப்பதற்குள் புதுசு முந்திக்கொண்டாள். சரியான சொல்லைத் தேடி எடுக்கிறவள் போல ஒரு கணம் நிறுத்தினாள். ஊசியையும் தன்னையும் விரலால் காட்டினாள்.

"நாங்க," என்றாள். தெளிவாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டாள்: "நீங்க இல்லாம."

அறை அப்படிச் சிரித்ததை அதற்கு முன் அவர் கேட்டதில்லை. "நான் எதுக்கும்மா வரப்போறேன்," என்று முணுமுணுத்துவிட்டு, அடுக்கை மறுபடி ஒரு பார்வை பார்த்து, "திங்கக்கிழமை நேரத்துக்கு வந்துடு," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, சித்தி ஜோடியை இழந்தாள். வீட்டில் இதைப் பெரிய துரோகமாகச் சொல்லிக் காட்டுவாள். "என் மகளை வளத்த கையாலதான் அவகூட மடிச்சேன், போறா பாரு," என்பாள், வாயெல்லாம் பல்லாக. புதுசோடு சேர்த்து அறையில் ஏழு பேர் என்பதால் ஒருத்தி எப்படியும் மிஞ்சுவாள். வாரத்துக்கு ஒருத்தி மூலைக்குப் போவது என்று வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் ஊசியின் முறை வந்தது. அன்றே பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டு வந்து, ஜன்னலை நெம்பித் திறக்கவைத்து, புகைபோக்கியையும் வேறு பக்கம் திருப்பவைத்தாள். அவனை என்ன சொல்லித் திட்டினாள் என்பதைச் சித்தி என்னிடம் சொல்ல மறுத்துவிட்டாள்.

இப்போது புதுசு நம் மொழியை நம்மைப் போலவே பேசுகிறாள். நாங்க, நாம, எதுவும் பிசகுவதில்லை. ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளவில்லை. திருத்திக்கொள்ள அவர்கள் விடவில்லை.

போன வாரம் வேலை முடிகிற நேரத்தில் நல்ல மழை. பேக்கரியிலிருந்து அவள் கணவர் குடை எடுத்துக்கொண்டு முதல்முறையாகச் சலவைக்கூடத்துக்கு வந்தார். ஒல்லியான, கூச்சப்படுகிற மனிதர். கதவருகில் அவர் தலை தெரிந்ததும் மடிப்பு அறையிலிருந்து ஒரே குரலாகக் கேட்டது:

"நம்ம புருஷன் வந்துட்டார்."

அவர் தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாராம். யாருமில்லை. மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் ஊசி போய்க் குடைக்குள் நின்றுவிட்டாள். அவள் பின்னால் என் சித்தி. அப்புறம் மற்றவர்கள். கடைசியாக, சிரிப்பில் நடக்க முடியாமல், புதுசு.

சித்தி இதை மூச்சு விடாமல் நடித்துக் காட்டி முடித்தபோது சித்தப்பா தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"ஏழு பேருக்கு ஒரு குடையா. பாவம் அந்த ஆளு," என்றார்.

அன்று அவருக்குப் பேசக் கிடைத்தது அவ்வளவுதான்.