லட்சுமணன் கையில் ஒரு கிளாஸ் டீ

விளிம்புவரை டீ நிறைந்த கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்தபடி, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் மெக்கானிக் லட்சுமணன் ஏறி உட்கார்ந்தால், திருவொற்றியூரில் ஏதோ ஒரு காருக்கு வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். கன்டெய்னர் லாரிகள் குண்டும் குழியுமாக்கிய சாலையில் வண்டியை விடச் சொல்வார். டீ எந்தப் பக்கம் சிந்துகிறது, சிந்திய பிறகும் எவ்வளவு நேரம் தளும்புகிறது என்று பார்த்தே ஷாக் அப்சார்பரின் கதையைச் சொல்லிவிடுவார். அவரிடம் கறை இல்லாத சட்டை கிடையாது. துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்த மனைவி பூவம்மா, "டீய வாய்ல ஊத்திக்கிற மன்ஷனத்தான் கட்டிக்கினேன்னு நென்ச்சேன்" என்பாள். அதைக் கேட்டு முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

கம்பெனி போட்டதைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஷாக் அப்சார்பர் மாட்டிய கார் வந்தால் அவருக்கு வாய் அடங்காது. "கார் செஞ்சவன் இன்னா கேனையனா? அவனுக்கு மேல ஒனக்கு இன்னா நைனா தெரியும்?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ஜாக்கியையே எடுப்பார். அந்தத் திட்டை வாங்க மாதவரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

அப்படிப்பட்டவருக்குப் போன வாரம் ஒரு சோதனை. மகள் ஜோதிகாவுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கியதும் மணலி புதுநகரிலிருந்து அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஏழு மாத வயிறு, வழியெல்லாம் பள்ளம். முந்தின நாள் மாப்பிள்ளை விமல் காரோடு வந்து நின்றான். மாட்டியிருந்தது பளபளவென்று மஞ்சள் நிறத்தில் வெளி ஷாக் அப்சார்பர்.

"பள்ளத்துல எறங்குனா டொக்குனு அடிக்குது மாமா. அவள இதுல எப்டி கூட்டினு வர்றது?"

மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? வாய்வரை வந்த வசவையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "பாத்துர்லாம் மாப்ள" என்றார்.

டீயோடு புறப்பட்டார்கள். முதல் பள்ளத்திலேயே டொக். டீ ஒரே ஒரு தடவை இடது தொடையில் கொட்டி, உடனே அடங்கிவிட்டது. லட்சுமணனின் முகம் தொங்கிப்போயிற்று. ஷாக் அப்சார்பர் கெட்டிருந்தால் வண்டி ஆடிக்கொண்டே போகும், டீயும் தளும்பிக்கொண்டே இருக்கும். மஞ்சள் சரக்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஷெட்டுக்குத் திரும்பிக் குழிக்குள் இறங்கிப் பார்த்தார். இடது முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் என்ற இரும்புக் கையின் மூட்டில் ரப்பர் புஷ் கிழிந்து கிடந்தது. பொங்கல் விருந்துக்கு விமல் வந்தபோது லட்சுமணனே மாற்றிப் போட்டது. சோறு ஆறுகிறது, மாப்பிள்ளை காத்திருக்கிறார் என்று பூவம்மா விடாமல் கூப்பிட்டதில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டிருந்தார். வண்டி தரையில் இறங்கியதும் பிழிந்த துணி மாதிரி ரப்பர் முறுக்கிக்கொண்டு, நாளடைவில் கிழிந்துவிட்டது. குழிக்குள்ளிருந்து பெரிய சிரிப்பொன்று கிளம்பியது.

"இன்னா மாமா?"

"ஒங்க ஷாக்கு சோக்கா கீது மாப்ள. நான்தான் கலீஜ் பண்ணி வச்சிகீறேன்."

புது புஷ் போட்டார். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, டீக்கடை பெஞ்சில் கதை பேசிக்கொண்டிருந்தவர்களைப் பாரத்துக்காகக் காருக்குள் ஏற்றி உட்காரவைத்த பிறகுதான் இறுக்கினார்.

மறுநாள் வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு ஜோதிகா பின்சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். பூவம்மா எடுத்துக் கொடுத்த வெள்ளைவெளேரென்ற புதுச் சட்டையில் லட்சுமணன் முன்னால் ஏறினார். கையில் கிளாஸ்.

"யோவ், இந்த சட்டையோட வேணாய்யா" என்றாள் பூவம்மா.

அவர் கிளாஸை ஜன்னல் வழியாக, மாப்பிள்ளை வீட்டை ஒட்டிய டீக்கடைக்காரரிடம் நீட்டி, விளிம்பு தொடும்வரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிவிட்டு, "நீங்க ஓட்டுங்க மாப்ள" என்றார்.