எறும்பு போட்ட சுவர்

ஒருத்தருக்கு வீடு கட்டிக் கொடுத்தால் ஒரு முதலாளியோடு போகும். ஊருக்குப் பொதுவாகக் கட்டினால் தெருவில் வாசல் வைத்த வீடு அத்தனையும் முதலாளி.

பெரிய கோயில் நந்தி மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. 'அந்த நந்தி வருஷா வருஷம் வளருதாம், உங்க கதையும் அப்படித்தான்' என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். நம்பாதீர்கள். கட்டட வேலையில் மாட்டிக்கொண்டு நொந்தவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கே தெரியும், இதைவிட மோசமாகவும் நடக்கும்.

எங்களுடையது தஞ்சாவூரில் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ். பங்களா எடுப்பதில்லை. படிப்பகம், பொதுக் கழிப்பறை, சமுதாயக்கூடம், இப்படிப் பத்துப் பேருக்குப் பயன்படுகிற வேலைதான். நான் சைட் சூப்பர்வைசர். வயது எழுபதைத் தாண்டியும் என்னை அனுப்பவில்லை. என் வாய்க்குப் பயந்துதான்.

படத்தில் நடக்கிறவர்கள்

மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் சமுதாயக்கூடம் கட்டும் வேலை வந்தது. தெருக்காரர்களைக் கேட்காமல் ஒரு கல்கூட வைக்கமாட்டார் எங்கள் ஆர்க்கிடெக்ட் நிவேதா மேடம். ரேஷன் கடைச் சுவரில் என் வேட்டியைத் திரையாகக் கட்டி, கூடம் முடிந்தால் எப்படியிருக்கும் என்று கலர் படம் காட்டினார். மலர்க்கொடி மட்டும் எழுந்தார்.

மலர்க்கொடி தரங்கம்பாடியில் பிறந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவர். மார்க்கெட்டில் மீன் கடை. புருஷன் போன பிறகு அவரையும் கைக்குழந்தையையும் தாங்கிப் பிடித்தது இந்தத் தெருதான். அந்தக் குழந்தைக்குத்தான் வரும் ஆவணியில் கல்யாணம். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பத்திரிகையில் கூடத்தின் பேரை அடித்து, பாபநாசம் வரைக்கும் கொடுத்தும் விட்டார். கூடம் முடியவில்லையென்றால் கல்யாணம் மாப்பிள்ளை ஊரான ஒரத்தநாட்டுக்குப் போய்விடும். கருக்கலில் சரக்கு எடுக்கப் போகிற இந்தத் தெரு ஜனம் பாதி அங்கே வந்து சேராது. தன் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது இவர்கள் நிற்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை.

அப்பேர்ப்பட்டவர் திரைக்குப் பக்கத்தில் போய், படத்தில் கைப்பையோடு நடக்கிற கோட்டு சூட்டு ஆட்களை ஒவ்வொருத்தராக உற்றுப் பார்த்தார். கம்ப்யூட்டரே போட்டுக் கொடுக்கிற வெள்ளைக்காரப் பொம்மைகள் அவை.

"ஏம்மா, இதுல நடக்குறவுக ஒருத்தரும் எங்க தெரு ஆளு இல்லையே. கூடம் இவுகளுக்கா, எங்களுக்கா?"

மாவுக்கோடு

மேடத்துக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, பிளானை நிஜ அளவில் தரையிலேயே வரைவோம், உள்ளே நடந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் சுண்ணாம்புத் தூள் மூட்டையோடு போனேன். கல்யாணம் நடக்கப்போகிற இடத்தில் சுண்ணாம்பா என்று பெண்கள் என்னைத் துரத்திவிட்டு, வீட்டுக்கு ஒரு படி பச்சரிசி மாவு கொண்டுவந்து கொட்டினார்கள். அரை மணி நேரத்தில் சுவர், வாசல், மேடை, சமையல்கட்டு எல்லாம் வெள்ளைக் கோடாக எழுந்து நின்றன.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. இல்லாத பந்தியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெறும் வாளியோடு சாம்பார் ஊற்றிக்கொண்டே போனாள். இடம் நெருக்குகிறது என்று பந்தி மொத்தமும் கத்தியதும், மேடம் காலாலேயே ஒரு சுவரை அழித்து நாலடி தள்ளிப் போட்டார். செருப்பு விட இடம் வந்தது. தாய்மார்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓர் அறை வந்தது. இதெல்லாம் எந்த ஆர்க்கிடெக்ட் காலேஜிலும் சொல்லித்தராத கணக்கு. நான் குறுக்கே நடந்து மேடத்திடம் போனேன். சமையல்கட்டில் 'வேலையாக' இருந்த மலர்க்கொடி கரண்டியோடு திரும்பினார்.

"அண்ணே, செவுத்துக்குள்ள பூந்து வர்றீங்களே, பேயா நீங்க? வாசல் அந்தப் பக்கம்!"

நகர்ந்த கோடு

இப்போது வருவதைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது. அங்கே ஒரு புங்கமரம் உண்டு. அதன் வேரில் குடியிருந்த எறும்புகளுக்கு ஜென்மத்தில் அவ்வளவு பச்சரிசி மாவு கிடைத்ததில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கும் போல. விடிவதற்குள் மேற்குச் சுவர்க் கோட்டை அப்படியே பெயர்த்து மரத்தடிக்கு நகர்த்திக்கொண்டு போயிருக்கின்றன. முதல்நாள் நூல் பிடித்த மாதிரி இருந்த கோடு, காலையில் வில்லாக வளைந்து கிடந்திருக்கிறது. வெள்ளைவெளேரென்று, ஒரு இடத்திலும் அறுபடாமல்.

மேஸ்திரி ஆரோக்கியம் கல்யாண அவசரம் தெரிந்தவர். வெள்ளைக்கோட்டில் தோண்டுங்கள் என்று மேடம் முதல்நாள் சொன்னதை வைத்துக்கொண்டு ஆறு மணிக்கே ஆளை இறக்கிவிட்டார். நானும் மேடமும் பத்து மணிக்குப் போனால், அஸ்திவார வானம் இடுப்பளவு தோண்டியாகிவிட்டது, வளைவாக! ஆரோக்கியம் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார்.

"கோட்டைப் பாத்துதான் மேடம் தோண்டுனேன். எஞ்சினியர் போட்டதா எறும்பு போட்டதான்னு அதுல கையெழுத்தா இருக்கு?"

வயசு பத்தாத சுவர்

மூடிவிட்டு மறுபடி தோண்டலாம் என்றால் பத்து நாள் போகும். குறுவைக்குத் தண்ணீர் விட்டிருந்ததால் பக்கத்து வாய்க்காலிலிருந்து ஊற்று வேறு கசிந்தது. பத்து நாள் போனால் ஆவணி போச்சு. மேடம் மணல் குவியலில் உட்கார்ந்தார். மலர்க்கொடி வாங்கிக் கொடுத்த டீ ஆறி ஏடு கட்டுகிறவரைக்கும் அந்த வளைவையே பார்த்தார். பிறகு மடியில் காகிதத்தை வைத்து, மொத்த பிளானையும் வளைவுக்குத் தகுந்தபடி மாற்றி வரைந்து, 'கட்டுங்க' என்றார்.

சுவர் மார்பு உயரம் வந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரத்தநாட்டிலிருந்து வந்து இறங்கினார். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அவர்தான் எல்லாம். தொழில் மாட்டுத் தரகு. வளைந்த சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், தட்டினார், தடவினார், குனிந்து அடியில் பார்த்தார். சுவருக்கு வால் இருந்திருந்தால் தூக்கிப் பார்த்திருப்பார். மலர்க்கொடி முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"செவுரு லட்சணமாத்தான் இருக்கு சம்பந்தி, வயசுதான் பத்தாது. பதினெட்டாம் பெருக்குக்குள்ள கூரை ஏறணும். ஏறலேன்னா பந்தல் எங்க ஊர்ல!"

பெருக்கு அன்று

எவ்வளவு ஓடியும் காங்கிரீட் போடவேண்டிய நாள் சரியாகப் பதினெட்டாம் பெருக்கு அன்றே வந்து நின்றது. ஊரே சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிற நாள். ஆரோக்கியத்தின் ஆட்களில் வந்தது ஆறு பேர். கலவை மிஷின் ஓடுகிறது, சட்டி தூக்க ஆளில்லை. நான் ஒரு சட்டியைத் தூக்கிப் பார்த்து, முதுகு சொன்னதைக் கேட்டு உடனே இறக்கிவிட்டேன்.

அப்போது காவிரிக்குப் படையல் போட்டுவிட்டு, நெற்றி மஞ்சள்கூடக் காயாமல், மார்க்கெட் பெண்கள் நாற்பது பேர் மலர்க்கொடி பின்னால் வந்தார்கள். சேலையை இழுத்துச் செருகி, தலையில் சும்மாடு வைத்து, மிஷினிலிருந்து கூரை வரைக்கும் வரிசை கட்டினார்கள். சட்டிகள் பறந்தன. மேலே போன சட்டி கீழே வருவதற்குள் இரண்டு சட்டி மேலே போயிருந்தது. கலவை மிஷின் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருமுறை நின்று, தண்ணீர் கேட்டது. நந்தி மேல் ஆணை! ஆரோக்கியம் கூரையிலிருந்து, கொஞ்சம் மெதுவாகக் கொடுங்கள், காங்கிரீட் போடுவதில் ஒரு முறை உண்டு என்று கெஞ்சினார். மலர்க்கொடி அடுத்த சட்டியை நீட்டினார்.

"ஐஸ் உருகுறதுக்குள்ள லாரி சரக்கை இறக்குறவ நான். கெட்டியாப் போறதுக்குள்ள முடிக்கணும்னு எனக்குத் தெரியாதா மேஸ்திரி? புடிங்க!"

முகூர்த்தம்

ஆவணியில் சுண்ணாம்பு வாசனை போகாத கூடத்தில் தாலி ஏறியது. தெரு முழுக்க உள்ளே நின்றது. மார்க்கெட்டுக்கு அன்றைக்குப் பூட்டு. மலர்க்கொடி அழுதுகொண்டே அட்சதை போட்டதில் பாதி என் தலையில் விழுந்தது.

பந்தியில்தான் அந்தச் சுவர் யாருக்கும் தெரியாத தன் வித்தையைக் காட்டியது. வளைந்த சுவரின் ஒரு கோடியில் வாய்க்குள் முணுமுணுத்தால், அது சுவரோடு ஓடி, எழுபதடி தள்ளி மறுகோடியில் காதோடு பேசுகிற மாதிரி கேட்கிறது. தெற்குக் கோடியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியப்பா, பக்கத்தில் இருந்த மனைவியிடம் கிசுகிசுத்தார்: "சாப்பாடு அமிர்தம்டி. வாயைத் தொறந்துடாதே, சம்பந்தியம்மாவக் கையில பிடிக்க முடியாது." வடக்குக் கோடியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த மலர்க்கொடி வாளியோடு நிமிர்ந்தார். கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல்.

"நீங்க ஒண்ணும் சொல்லவேணாம் சம்பந்தி, இலையில கொஞ்சம் எடம் விடுங்க, இந்தா வர்றேன்!"

இப்போது காலேஜ் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து அந்த வளைவை டேப் வைத்து அளக்கிறார்கள், மேடமும் எறும்பின் பேரை எடுக்காமல் அதற்கு ஒரு மணி நேரம் விளக்கம் சொல்கிறார், எனக்கோ இன்னும் அந்த ஆபீஸில்தான் நாலு மணி டீயும் வடையும் என்பதால், இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னது யாரென்று யார் கேட்டாலும், புண்ணியமாகப் போகும், எறும்பைக் கை காட்டிவிடுங்கள்.