செபஸ்தியாருக்கு எண்ணெய்

"என்ன ராயப்பரே, இன்னமும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கீரா? போதும், கண்ணத் தொடைச்சுக்கிடும்" என்று முதல் படத்தில் கண்ணீர்விடும் புனிதரிடம் சொல்லிவிட்டுத்தான் அற்புதம்மாள் அடுத்த படத்துக்கு நகருவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் வேலை பார்க்கும் மிஷன் பள்ளிக்கூடத்துப் பட அறைக்கு வந்துவிடுவாள். சீமைக்குத் திரும்பிப்போன சாமியார் ஒருவர் விட்டுச்சென்ற வர்ணப் படங்கள் அங்கே சுவர் நிறைய இருக்கின்றன. அவற்றை ஓவியமாகப் பார்ப்பவர் டிராயிங் வாத்தியார் இராமலிங்கம் ஒருவர்தான். அற்புதம்மாளுக்கோ அத்தனை பேரும் உறவுக்காரர்கள். தேவமாதாவிடம், "மெலிஞ்சு போயிட்டியே தாயி" என்பாள். யூதாசைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளுக்குத் தொழில் முந்திரிக்கொட்டை உடைப்பது. கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோலுரிந்திருக்கும். வாய் கொஞ்சம் நீளம். உடையார்பாளையம் சந்தையில் அவளிடம் பேரம் பேசியவர்கள் மறுமுறை வாயைத் திறந்ததில்லை.

ஒரே மகன் ஞானமுத்து பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் சண்டைக்குப் போனான். மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து மற்றப் படங்களுக்கெல்லாம் அவசர விசாரிப்புதான். உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கும் செபஸ்தியார் முன்னால்தான் நெடுநேரம் நிற்பாள். அவரும் பட்டாளத்துக்காரர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் அந்தப் படத்தில் காயம்பட்ட இடமெல்லாம் பளபளத்தது. ஏலாக்குறிச்சி மாதா கோயில் விளக்கிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைத் தடவியிருக்கிறாள்! இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் எந்தக் காயத்துக்கும் அதுதானே முதல் மருந்து. இராமலிங்கம் கோபத்தில் குதித்தார். "வர்ணம் கரைஞ்சா யாரும்மா பதில் சொல்றது? இனிமே இந்த அறைக்குள்ள காலை வைக்காத!"

அந்த நீள வாய் அன்று சண்டைக்குப் போகவில்லை. "எம்புள்ளைக்குத்தான் தடவ முடியல சார். இந்தப் புள்ளைக்காச்சும்னு..." என்றாள்.

பிறகு வந்த ஞாயிறுகளில் வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பொறுக்காமல் நானே இராமலிங்கத்திடம் மன்றாடினேன். படத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தால் விடலாம் என்றார். செய்தாள்.

நேற்றுதான் மறுபடி உள்ளே வந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு செபஸ்தியார் முன்னால் நின்றாள். வாத்தியார் கண்கொட்டாமல் காவல் இருந்தார். அவள் கையை எடுக்கவில்லை. கால் விரலை ஊன்றி எக்கி, உதட்டைக் குவித்து, அம்பு தைத்த இடத்தில் மெல்ல ஊதினாள்.