கம்பி வலைக்கு முன்னால் தமிழ் பேசக்கூடாது

எங்கள் ஊரில் அந்த ஜெயிலுக்கு ஒரு மரியாதை உண்டு. மைசூரில் பிறந்து வளர்ந்தவர்கள் அரண்மனையைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்தான் அதைப் பற்றியும் பேசுவார்கள். மகாராஜா காலத்தில் கட்டியது, சுவர் நாலு ஆள் உயரம், உள்ளே தூக்குமேடை இருக்கிறது, சமஸ்தானத்தில் வேறெந்த ஜெயிலிலும் அடங்காதவனை இங்கேதான் கொண்டுவருவார்கள், இதுவரை ஒருத்தன்கூடத் தப்பியதில்லை. சொல்கிறவர் யாரும் உள்ளே போய்ப் பார்த்தவர் இல்லை. பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லமாட்டான். “மாவன மனே, மாமியார் வீடு, யாரு எறங்கறது?” என்பான். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆனபோது என் தம்பியை அந்த மாமியார் வீட்டில் வைத்தார்கள். நஞ்சன்கூடு பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்த்தான். வேலைநிறுத்தத்தின்போது வாசலில் அடிதடி. மேஸ்திரி ஒருவருக்கு இரும்புக் கம்பியால் மண்டை உடைந்தது. கூட்டத்தில் இருபது பேர் இருந்தார்கள், மாட்டியவர்கள் மூன்று பேர், அதில் என் தம்பி ஒருவன். ஏழு வருடம்.

அந்த ஏழு வருடத்தை வாங்கிக் கொடுத்தது எங்கள் அம்மா. இப்படித்தான் அன்றைக்கு நான் நினைத்தேன், தெருவும் இப்படித்தான் பேசியது. அப்பா இல்லாத வீடு. நான் மிஷன் பள்ளியில் டீச்சர். அந்தச் சாயங்காலம் நான் பள்ளியில் இருந்துவிட்டதால், தம்பி வீட்டில்தான் இருந்தான் என்று சொல்ல அம்மா ஒருத்திதான் சாட்சி. வக்கீல் மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார். அம்மாவும் தலையாட்டினாள். கூண்டில் ஏறி வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்தவள், தம்பி விளக்கு வைத்த பிறகுதான் வந்தான் என்றும், சட்டையில் ரத்தம் இருந்தது என்றும் சொல்லிவிட்டாள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தே சொன்னாள். வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தம்பி அப்போது அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அதற்கப்புறம் வெகுகாலம் அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மாதம் ஒரு தடவை ஜெயிலில் கைதியைப் பார்க்க விடுவார்கள், அதற்குப் பெயர் இன்டர்வியூ. இருபது நிமிடம். இரண்டு கம்பி வலைகள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவு சந்து, அந்தச் சந்தில் ஒரு வார்டர். முதல் தடவை போனபோது அம்மா வலையைப் பிடித்துக்கொண்டு தம்பியை “சாமி” என்று கூப்பிட்டாள். வார்டர் லத்தியால் கம்பியைத் தட்டினார்.

“தமிழ் பேடம்மா. கன்னட மாத்தாடி.”

கன்னடம், உருது, இங்கிலீஷ். நடுவில் நிற்கிற வார்டருக்கு எது புரியுமோ அதைத்தான் பேச வேண்டும். புரியாத பாஷையில் ஒரு வார்த்தை வந்தாலும் இன்டர்வியூ முடிந்தது. ஏன் என்று கேட்டேன். சுதந்திரப் போராட்டத்தின்போது உள்ளே இருந்தவர்களைப் பார்க்க வந்தவர்கள் தங்கள் தங்கள் பாஷையில் ரகசியம் பேசினார்களாம். அதைத் தடுக்க அப்போதிருந்த துரை எழுதிய ரூலாம். துரை கப்பல் ஏறிப் போய்விட்டார். ரூல் மட்டும் வேலையில் இருந்தது. என் அம்மாவிடம் என்ன ரகசியம் இருந்தது? கோர்ட்டில் அவளை மகனுக்கு எதிராகப் பேசவைக்க அரசாங்கத்துக்குத் தமிழ் தெரிந்த ஆள் கிடைத்தான், அவள் சொன்னதை வரிக்கு வரி கன்னடத்தில் எழுதினான். மகனோடு பேசவைக்க ஒருத்தன் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அம்மா மார்டள்ளி என்கிற தமிழ்க் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இருபத்தைந்து வருடம் மைசூரில் இருந்தும் அவள் கன்னடம் மார்க்கெட்டைத் தாண்டவில்லை. எஷ்டு என்றால் எவ்வளவு, ஜாஸ்தி ஆய்து என்றால் விலை அதிகம், கம்மி மாடு என்றால் குறைத்துக்கொடு. இவற்றை வைத்துக்கொண்டு மகனிடம் என்ன பேசுவது? ஊட்டா ஆய்தா, சாப்பிட்டாயா என்று கேட்பாள். அவன் தரையைப் பார்த்தபடி ஆய்து என்பான். சென்னாகித்தீயா, நன்றாக இருக்கிறாயா என்பாள். ஹூம் என்பான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஊட்டா ஆய்தா. ஒரு தடவை ஐந்து முறை கேட்டாள். சாப்பிட்டதையே எத்தனை தடவை சாப்பிடுவான் என்று வார்டர் சிரித்தார். அந்த வார்டரின் மகள் என் மூன்றாம் வகுப்பில் படித்தாள். நல்ல பெண். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும், அதை வெளியே காட்டக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஜெயிலுக்கு எதிரே ஒரு புளியமரம். உள்ளே கூப்பிடும் வரைக்கும் எல்லோரும் அதன் கீழேதான் காத்திருப்போம். தமிழ்க் குடும்பங்கள் அங்கே வைத்துத்தான் பேச வேண்டியதைப் பேசித் தயார் பண்ணுவார்கள். கன்னடம் தெரிந்த பிள்ளையிடம் பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். மாடு கன்று போட்டது, நிலத்துக்காரன் வந்து போனான், தங்கச்சிக்கு இடம் பார்த்திருக்கிறது. அந்தப் பிள்ளை உள்ளே போய் எல்லாவற்றையும் கன்னடத்தில் ஒப்பிக்கும். பெரியவர்கள் பக்கத்தில் நின்று தலையாட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் ஒப்பிக்க வேண்டியவள் நான். அம்மா மாதா மாதம் ஒரே விஷயத்தைத்தான் சொல்வாள்.

“கண்ணு, அவங்கிட்டச் சொல்லு. காட்டிக் குடுக்கோணும்னு நான் நெனைக்கல. பொய் சொல்றதுக்குத்தான் போனேன். சர்வேசுரன் புஸ்தகத்து மேல கைய வெச்சதும் வாயி கேக்கல. எம்மேல கோவம் இருந்தா இருக்கட்டும், ஒரு தடவ மூஞ்சியப் பாக்கச் சொல்லு.”

சரி என்று உள்ளே போவேன். போய், வீட்டுக்கூரை மாற்றினோம், பெரிய கோவில் திருவிழா முடிந்தது, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று சொல்வேன். வெளியே வந்ததும் அம்மா கேட்பாள். சொல்லிட்டேம்மா, அவன்தான் பதில் பேசமாட்டேங்கிறான் என்பேன். என் பிள்ளைகள் பரீட்சையில் பார்த்து எழுதினால் கையில் அடித்த டீச்சர் நான்.

ஏன் சொல்லவில்லை? வார்டர் காதில் விழுந்தால் நாளைக்குப் பள்ளியில் பேச்சாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் ஒரு வருடம் கூடத் தாங்கவில்லை.

அந்த ஆகஸ்டில் ஜெயிலுக்குள் விழா வைத்தார்கள். தியாகிகள் இருந்த அறைக்கு வெள்ளையடித்து, மாவிலை கட்டி, ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பாட்டுப் பாட எங்கள் பள்ளிப் பிள்ளைகள். கூட்டிப் போனவள் நான். பேசவந்த தலைவர் அதே ஜெயிலில் ஒன்றரை வருடம் இருந்தவர். மங்களூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் துளு பேசுகிறவர். தன்னைப் பார்க்க அம்மா அத்தனை தூரம் வந்ததையும், துளு பேசக்கூடாது என்று தடுத்ததையும், இருபது நிமிடமும் அவள் வாய் திறக்காமல் நின்றுவிட்டுப் போனதையும் சொன்னார். வெள்ளைக்காரன் என் கையைக் கட்டினான், பொறுத்துக்கொண்டேன். என் தாயின் வாயைக் கட்டினானே என்றார். முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஜெயில் சூப்பரின்டெண்டும் இருந்தார்.

டீ கொடுக்கும்போது நான் நேரே போய்விட்டேன். அந்த ரூல் இன்னும் இருக்கிறது ஐயா, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போன வாரம்கூட என் அம்மா வாய் திறக்கமுடியாமல் நின்றாள் என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் உண்மையாகவே திடுக்கிட்டார். “ஹௌதா?” என்றார், அப்படியா என்று. பிறகு யாரோ மாலையோடு வந்தார்கள். “ஒந்து அர்ஜி கொடி” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மனு கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சிறைப் பாதுகாப்பைக் கருதி விதியை மாற்றுவதற்கில்லை. அடுத்த வருட விழாவிலும் அவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு அழுதவர்களில் ஒருவருக்காவது சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தோன்றியிருக்குமா? அவர்களுக்குத் தேவைப்பட்டது தியாகியின் அம்மா. கைதியின் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

விழாவுக்கு மறுநாளே ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, தம்பி உள்ளே இருப்பதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா என்று கடிந்துகொண்டார். தெருவுக்கு முன்பே தெரியும், இப்போது பள்ளிக்கும் தெரிந்துவிட்டது. இனி வார்டர் காதில் எது விழுந்தால் என்ன? என் சாக்கு அன்றோடு போயிற்று. அதற்கப்புறமும் நான் சொல்லவில்லை. அம்மாவின் மேல் இருந்த கோபம்தான் காரணம். ஒரு பொய், ஒரே ஒரு பொய், சொல்லியிருந்தால் அவன் வீட்டில் இருந்திருப்பான். அவள் மனம் ஆறக்கூடாது என்று நினைத்தேன். தலைவரைத் திட்டிக்கொண்டே இதைச் செய்துகொண்டிருந்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் உள்ளே பேசுவது கூரையும் திருவிழாவும் என்று கண்டுபிடிக்க மார்க்கெட் கன்னடமே போதும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்கறிக்காரியிடம் போய், மன்னிப்புக் கேட்பதற்குக் கன்னடத்தில் என்ன சொல்வது என்று கேட்டு வைத்துக்கொண்டாள். அந்த மாதம் மரத்தடியில் எனக்கு எதுவும் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது, உட்கார்ந்தே இருந்தாள்.

உள்ளே போனதும் வலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“தப்பாய்து, மகனே.”

தம்பி தலையைத் தூக்கினான். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது அவன் அவள் முகத்தைப் பார்த்து.

“ஏனம்மா தப்பாய்து?” என்றான். என்னம்மா தப்பு என்று.

காய்கறிக்காரி அதற்கு மேல் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லு என்கிற மாதிரி கையை அசைத்தாள். வார்டரும் பார்த்தார், தம்பியும் பார்த்தான். எனக்கு எல்லா வார்த்தையும் தெரியும். நான் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சாமி, நான் பொய் சொல்லத்தாண்டா கூண்டுல ஏறுனேன்” என்று அம்மா தமிழில் ஆரம்பித்தாள். லத்தி கம்பியில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை, குரலைத்தான் உயர்த்தினாள். லத்திச் சத்தத்தில் மீதி எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேர் வந்து தம்பியை இழுத்துப் போனார்கள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மூன்று மாதத்துக்கு இன்டர்வியூ கிடையாது, கடிதமும் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் அம்மா போய்விட்டாள். மூச்சு வாங்குவதற்கு ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாள், அவ்வளவுதான். தம்பிக்குத் தகவலாவது சொல்லுங்கள் என்று ஜெயில் வாசலில் நின்று கெஞ்சினேன், கத்தினேன். அந்த மூன்று மாதத் தண்டனை முடியட்டும் என்றார் குமாஸ்தா. குழியில் மண் போடப் பிள்ளை இல்லாமல் அம்மாவை அடக்கம் செய்தோம்.

மூன்று மாதம் முடிந்து தனியாகப் போனேன். தம்பி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். “அம்மா பரலில்வா?” என்று கேட்டான். வரவில்லையா என்று.

“அம்மா தீர்கொண்ட்ரு” என்றேன். பெற்றவள் செத்ததைத் தம்பிக்குக் கன்னடத்தில் சொன்னேன், ரூல்படி. அவன் வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். வார்டர் சந்தின் அந்தக் கோடிக்கு நடந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

பிறகு தம்பி கேட்டான். அன்றைக்கு அம்மா என்ன சொல்ல வந்தாள்?

சொன்னேன். அம்மா மாதா மாதம் மரத்தடியில் சொன்னதை அப்படியே, ஒன்றும் விடாமல், நல்ல கன்னடத்தில் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வார்டர் திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் இருக்கிறது டீச்சர், பேசுங்கள் என்றார்.