கீழறைக்கு லைன் வந்த கதை

திறந்த வாயோடு என் மகள் திரையில் நின்றுபோனாள். கோலாலம்பூரில் அவளுடைய துரைசாணியும் ஆபீஸ்காரர்களும் பார்த்தது அதைத்தான். இங்கே மலைமேல் ரிங்லெட்டில், எங்கள் வீட்டுக் கீழறையில், அவளோ லைன் அறுந்தது தெரியாமல் கணக்கு விவரத்தைக் கை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் கலகலத்துக்கொண்டிருந்தன. பிறகு கலகலப்பு சட்டென்று நின்றது. மேசையில் ஓர் அடி விழுந்தது. அடுப்படியில் இருந்த எனக்கு அந்த அடியே போதும், என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள.

துரைசாணி என்று நான் சொல்வது அவளுடைய மேலதிகாரியை. நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். மேலே உட்கார்ந்து வேலை வாங்குகிறவர் ஆணாக இருந்தால் எனக்குத் துரை, பெண்ணாக இருந்தால் துரைசாணி. மகள் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும்.

தலைப்பிரசவத்துக்கு அவளை வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்து வந்திருந்தோம். பிரசவ லீவு தொடங்கும்வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று துரைசாணி பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தார். ஆனால் இப்படி லைன் அறுந்தது இது முதல்தடவை இல்லை. அன்றைக்கு மகள் மேலே ஏறி வந்து, முந்தானையால் நான் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"மா, திங்கக்கெழம பெரிய மீட்டிங். அதுலயும் கட் ஆச்சுன்னா நான் கே.எல்.லுக்கே போயிடணும்லா. லீவு வர்ற வரைக்கும் ஆபீஸ்லதான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க."

"வயித்துப் பிள்ளைக்காரிய மலையெறங்கி வரச் சொல்றாளா அவ? அங்க ஒனக்கு யாரு சோறு போடுவா? மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேல!"

"அவங்களத் திட்டாதீங்கமா. தப்பு நம்ம லைன்லதான."

உண்மைதான். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடியது. என்னுடைய தலைப்பிரசவத்தின்போது எனக்கு வளையல் போட்டுவிட நிறையப் பேர் இருந்தார்கள், அழைத்துப்போக ஆள் இல்லை. என் கல்யாணத்துக்கு முன்பே அம்மா போய்விட்டார். புருஷன் வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். இருந்தாலும் பசிக்கிறது என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. என் மகளுக்கு அந்தக் கூச்சம் கூடாது. வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்டதும் தட்டு முன்னால் வர வேண்டும். ஒரு கம்பியில்லாத லைன் குறுக்கே வந்து அதைக் கெடுப்பதா?

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் சிக்கல் புரியும். வீடு மலைச்சரிவில் இருக்கிறது. ரோட்டு மட்டத்தில் ஹால். அங்கிருந்து படி இறங்கினால் அடுப்படி. இன்னும் இறங்கினால் மகளுடைய கீழறையும் குளியலறையும். மாமனார் ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கிக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார். அடுப்படிக்கும் கீழறைக்கும் நடுவே மண்சரியாமல் நிற்க அவர் எழுப்பிய கான்கிரீட் சுவர் கோட்டை மதில் மாதிரி. இன்டர்நெட் கம்பி வந்து சேரும் பெட்டியோ ஹாலில், ரோட்டுப் பக்கத்து மூலையில். அதன் பலம் அடுப்படிக்கு வரும்போதே மூச்சு வாங்கும். கைப்பேசி லைன் கீழே ஒரு கோடுகூட நிற்காது.

ஹாலிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தாள். காய்கறி லாரிகள் வாசலுக்கு எதிரில் நின்று உறுமின. குளிர்காற்று காலைப் பிடித்தது. வாசலோடு போகிறவர்கள் எல்லாம் உள்ளே எட்டி, "எத்தன மாசம்?" என்று மீட்டிங்குக்கு நடுவே விசாரித்தார்கள். ஓயாமல் குளியலறைக்குப் படி இறங்கி ஏற வேண்டியிருந்தது. அதோடு சரி.

வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு தானா ராத்தா டவுனுக்குப் போனேன். அவர் தக்காளியும் கோஸும் போடுகிறவர். எந்தச் சாமானை வாங்கினாலும் மருந்தடிக்கும் பம்பு வாங்குகிற மாதிரிதான் பார்ப்பார், பெரிதாக இருக்க வேண்டும், கனக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடையில் எட்டுக் கொம்பு முளைத்த கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது போதும்லா, நம்ம மலைக்கே அடிக்கும்" என்றார்.

கடையில் இருந்த சீனப் பெண் சிரித்தாள். மலாயில் எங்கள் வீட்டைப் பற்றி விசாரித்தாள். நான் கையாலேயே படி, சுவர், கீழறை எல்லாம் கட்டிக் காட்டினேன். ஒரே பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தச் சுவரிடம் தோற்றுப்போகும் என்றாள். மூன்று சின்ன வெள்ளைப் பெட்டிகளை எடுத்து வைத்தாள். மெஷ் என்றாள். ஒன்று கம்பியோடு ஹாலில் இருக்கும். மற்ற இரண்டும் கரண்டில் மட்டும் செருகியிருக்கும். ஒன்றுக்கொன்று பேசி லைனைக் கைமாற்றிக் கொடுக்கும்.

"இத்துனூண்டா?" என்றார் வீட்டுக்காரர். இட்லிச் சட்டியில் வைத்தால் மூன்றும் அடங்கிவிடும். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே முடிவு செய்தேன். மூன்று பெட்டிக்காரியே ஜெயித்தாள்.

ராகு காலம் போகட்டும் என்று காத்திருந்து, பெட்டிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, ஹாலில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செருகினோம். லாரிக்கே பொட்டு வைக்கிற வீடு இது, பெட்டிக்கு மட்டும் என்ன குறை. மகள் கைப்பேசியைத் தட்ட, மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நீல விளக்குக் காட்டின. கை தட்டாத குறை.

அதோடு விட்டிருக்க வேண்டும். "இனிமே நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு துரை மாதிரி நின்றார். வழிகாட்டும் தாள் அவருடைய கோப்பிக் கோப்பைக்கு அடியில் இருந்தது. தக்காளிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து வீட்டை வரைந்தார்.

"தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்லர் எங்க வைப்போம்? எங்க காஞ்சு கெடக்கோ அங்கதான? ஹால்ல ஒண்ணு இருக்கு. வெளிய சாமான் கொட்டாயில சுத்தமா லைன் இல்ல, அங்க ஒண்ணு. கீழ்ரூம்ல ஒண்ணு. முடிஞ்சுச்சு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தலையாட்டினேன். கொட்டகைக்குப் போன பெட்டி சிவப்பு விளக்குக் காட்டியது. கீழறைக்குப் போன பெட்டியும் சிவப்பு. பிடுங்கிச் செருகினோம். சிவப்பு. துடைத்தோம், தட்டினோம், பொட்டை அழித்துக்கூடப் பார்த்தோம். சிவப்புதான்.

"பாத்தியா, இத்துனூண்டு சாமான நம்பி! அந்தக் கொம்பு வெச்சத வாங்கியிருக்கணும்" என்றார்.

"கொம்பு வெச்சது வீட்டுலயே ஒண்ணு இருக்கே, அது போதாதா" என்றேன். கொஞ்சம் அதிகம்தான். அவர் விறுவிறுவென்று தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மகளைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கணினியில் கணக்கு பார்க்கிறவளுக்குப் பெட்டி மாட்டும் வேலை தெரியும் என்று யார் சொன்னது? கீழே போய்ப் பார்த்தால், கட்டிலில் பையைத் திறந்து வைத்துத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மெதுவாக, ஓரம் சேர்த்து மடித்தாள். "இரும்மா, இன்னும் நாளு இருக்கு" என்றேன். "எதுக்கும் ரெடியா இருக்கட்டும்மா" என்றாள். அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்தேன், யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை, கீழ்த்தோட்டத்துக்காரர் வாசலில் வந்து நின்றார். புது மோட்டர் போட்டும் மேல்பாத்திக்குத் தண்ணீர் ஏறவில்லையாம், மோட்டர் சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறதாம். வீட்டுக்காரர் கோப்பியை வைத்துவிட்டு, எல்லாம் தெரிந்தவராக விசாரித்தார்.

"மோட்டர எங்க வெச்சீங்க?"

"மேலதான். தண்ணி வராத எடத்துல."

"அட என்னாய்யா நீங்க! காஞ்ச எடத்துல மோட்டர வெச்சா அது என்னாத்த இழுக்கும்? காத்தத்தான் இழுக்கும். பாதி வழியில, தண்ணி இன்னும் நல்லா வர்ற எடமாப் பாத்து வைங்க. அங்க இருந்துதான் அது மேல தள்ளும்லா."

நான் அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நின்றுவிட்டேன். இதே மனிதர்தானே நேற்று அட்டையில் படம் போட்டார்? கீழ்த்தோட்டத்துக்காரர் வாசல் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டேன்.

"என்னங்க, மோட்டருக்கு ஒரு நியாயம், பொட்டிக்கு ஒரு நியாயமா?"

"என்னா சொல்ற?"

"காஞ்ச எடத்துல கொண்டுபோயி வெச்சீங்களே, அது என்னாத்த இழுக்கும்? காத்தத்தான் இழுக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். ஹாலைப் பார்த்தார். கோப்பைக்கு அடியிலிருந்து தாளை உருவினார். அதில் படமே போட்டிருந்தது, முதல் பெட்டிக்கும் லைன் இல்லாத அறைக்கும் நடுவழியில் இரண்டாவது பெட்டி. கோப்பிக் கறை வட்டமாக அதன் மேலேயே விழுந்திருந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. மகள் கீழேயிருந்து, "என்னாச்சு ரெண்டு பேருக்கும்?" என்று சத்தம் போட்டாள்.

கொட்டகைப் பெட்டியைப் பிடுங்கி வந்தோம். நீள வயரில் செருகி, நான் அதைத் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். மகள் கீழறையில் மூன்றாவது பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடையில் நின்றுகொண்டு வீட்டுக்காரர் கத்தினார்.

"நீலமா, செவப்பா?"

"செவப்புப்பா!"

இன்னும் ஒரு படி. அடுப்படி மூலை. பாத்திர அலமாரிப் பக்கம். சிவப்பு. படி திரும்புகிற இடத்துக்கு வந்தபோது கீழே வளையல்கள் குலுங்கின.

"நீலம்! நீலம்பா! அசையாதீங்கமா!"

அந்த இடத்தில் நின்றால் மேலே ஹால் கதவும் தெரியும், கீழே சுவரைத் தாண்டி மகள் அறைக் கதவும் தெரியும். சரி, அங்கே என்ன இருக்கிறது? எங்கள் சாமித்தட்டு. முருகன் படத்துக்குப் பக்கத்தில், மின்னும் சரவிளக்குக்காக வீட்டுக்காரர் முன்பு இழுத்த கரண்டு முனைகூடத் தயாராக இருந்தது.

"சாமிகிட்ட இதப் போயி வெக்கலாமா?" என்று தயங்கினார்.

"டிஸ்கோ மாதிரி லைட்டு மாட்டுனப்ப சாமிகிட்டக் கேட்டீங்களா?"

சரவிளக்கு இறங்கியது, பெட்டி ஏறியது. குத்துவிளக்கைத் தட்டின் அந்த ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன். முருகன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனாலும் மகள் பையைப் பிரிக்கவில்லை. திங்கட்கிழமை போகட்டும் என்றாள்.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போகவில்லை. டிவியைப் போடவில்லை, தன் லாரியைக் கிளப்பவில்லை, என்னைத் தாளிக்கக்கூட விடவில்லை. தாளிப்புக்கும் லைனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "எதுக்கு வம்பு" என்றார். நான் சாமித்தட்டுக்கு எதிர்ப்படியில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கினேன். ஒரு கண் காயில், ஒரு கண் நீல விளக்கில்.

கீழே அவள் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. வளையல் சத்தத்தை வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கலகல என்று போய்க்கொண்டே இருந்தது. கை ஆடுகிறது, பேச்சு போகிறது, லைன் நிற்கிறது. ஒரு குவியல் காய் முடிந்தது. அடுத்த குவியலை எடுத்தேன்.

வளையல் சட்டென்று நின்றது.

கத்தி என் கையிலேயே இருந்தது. பெட்டியைப் பார்த்தேன். நீலம்தான். வீட்டுக்காரர் ஹால் கதவில் நின்று என்னைப் பார்த்தார். மேசையில் அடி விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அடி விழவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து நாலைந்து பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். பிறகு வளையல்கள் குலுங்கின, பேச்சுக்காக இல்லை, குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி, வேண்டுமென்றே.

மீட்டிங் முடிந்ததும் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மா, பாஸ் நடுவுல நிறுத்தி, அது என்னா சத்தம்னு கேட்டாங்க. எது சத்தம்னு எனக்கே புரியல. அப்பறம் பாத்தா, வளையலு! இவ்ளோ நாளா நான் பேசறதே அங்க ஒழுங்கா கேக்கலியாம். இன்னிக்கு வளையல் வரைக்கும் கேட்டுச்சாம்."

"நீ என்னா சொன்ன?"

"தூக்கிக் காட்டினேன். எங்க ஊர்ல பிள்ள பொறக்கற வரைக்கும் கழட்ட மாட்டோம்னேன். அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன்னும் சொன்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்ப நீ அங்கயே இரு, பிள்ளயப் பெத்துட்டு வான்னுட்டாங்க."

அந்த அம்மாளை எத்தனை திட்டுத் திட்டியிருப்பேன்! அடுத்த முறை பழம் பறிக்கும்போது ஒரு பெட்டி நல்ல தக்காளி அந்தத் துரைசாணிக்குப் போக வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே லாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார், பாவம், காலையிலிருந்து அடைந்து கிடந்த மனிதர்.

சாயங்காலம் மகள் பையைப் பிரித்தாள். மடித்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். காலிப் பையை மடிக்கப் போனவளை நான் தடுத்தேன். என் பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து, மெத்தென்று சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருந்தேன். அவற்றை அடியில் வைத்தேன். மேலே ஒரு கம்பளித் தொப்பி, என் உள்ளங்கை அளவு. எங்கள் மலைக்குளிருக்கு அது கட்டாயம் வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தேட வேண்டியதில்லை என்று ஜிப்பை இழுத்து, பையைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

"மா, பசிக்குது" என்றாள் மகள்.