இல்ஃபோர்டில் வதனி பேசிய ஆங்கிலம்

2008 பிப்ரவரி. லண்டன் ஹீத்ரோவில் இறங்கி, சுரங்க ரயிலும் மேல் ரயிலுமாக மாறி இல்ஃபோர்ட் வந்து சேர்ந்தபோது காலை பதினொரு மணி. சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் தோழியின் தங்கை வதனி ஸ்டேஷனில் காத்திருந்தாள். இரண்டு வாரம் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடும் படுக்கையும்.

வதனி யாழ்ப்பாணத்துப் பெண். டென்மார்க்கில், சுற்றிலும் பன்றிப் பண்ணைகளே உள்ள ஒரு கிராமத்தில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவள். வீட்டில் அவளும் கணவரும் பேசுவது தமிழ். பிள்ளைகள் சண்டை பிடிப்பது டேனிஷில், சமாதானமாவது ஆங்கிலத்தில். எனக்குச் சாப்பாட்டு மேசையே நல்ல வேடிக்கையாக இருந்தது.

“அங்கை எங்களை விட்டால் ஒரு தமிழ்ச் சனமும் இல்லை அக்கா. டேனிஷ் தன்பாட்டிலை வந்திட்டுது. இஞ்சை கடையிலை தமிழ், கோயிலிலை தமிழ், லோயரும் தமிழ். பிறகு இங்கிலிஷ் எங்கையிருந்து வரும்?” என்று சிரித்தாள்.

நான்காம் நாள் காலை, கணவர் ஷிப்டுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

“அக்கா, இண்டைக்கு டொக்டரிட்டை அப்பொயின்ட்மென்ட். என்னோடை வர ஏலுமே? நெஞ்சிலை ஒரு கட்டி. எப்பவும் மகன்தான் வந்து இங்கிலிஷிலை சொல்லுறவன். பதினைஞ்சு வயசுப் பெடியனிட்டை இதை எப்பிடிச் சொல்ல? இவரிட்டைச் சொன்னாலும் பயந்திடுவார்.”

“வர்றேன், கிளம்புங்க” என்றேன்.

ஒன்றரை மைல் தூரம். பஸ்ஸுக்குத் தலா இரண்டு பவுண்டு. வேறொரு நாளாக இருந்தால் ரூபாய்க் கணக்குப் பார்த்துப் புலம்பியிருப்பேன். அன்று மனம் முழுக்க, கட்டிக்கும் வீக்கத்துக்கும் ஆங்கிலத்தில் என்னென்ன சொல்வது என்பதிலேயே இருந்தது.

உள்ளே டாக்டரம்மா, வெள்ளைக்காரர், என்ன செய்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வதனி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு தானே பேச ஆரம்பித்தாள். பாதி ஆங்கிலம், கொஞ்சம் டேனிஷ், மீதி கைச்சாடை. சொல் அகப்படாத இடத்தில் நின்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். வலி எங்கே, எப்போதிலிருந்து, சித்திக்கு மார்புப் புற்றுநோய் வந்தது, இரவில் தூக்கம் வராதது எல்லாம் சொல்லி முடித்தாள். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

நான் புறப்படுவதற்கு முதல் நாள், டாக்டரம்மா எழுதி அனுப்பிய பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வெறும் நீர்க்கட்டி என்று ஊசியால் நீரை எடுத்து அனுப்பினார்கள். ஒரு பென்னியும் கேட்கவில்லை. அந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

“நீங்கள் பக்கத்திலை இருந்தபடியால்தான் அக்கா எனக்கு வாய் திறந்தது” என்று ஸ்டேஷனில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

விமானத்தில் அம்மாவின் நினைவு வந்தது. மதுரையில் டாக்டரும் தமிழ், அம்மாவும் தமிழ். என்ன செய்கிறது என்று அவர் அம்மாவைக் கேட்பார், அப்பா பதில் சொல்வார். அம்மாவுக்கும் மார்பில் ஒரு கட்டி இருந்தது. அது எங்களுக்குத் தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

வதனி தட்டுத் தடுமாறிப் பேசிய குரல் வழியெல்லாம் காதில் இருந்தது. அதைக் கேட்க என்னை அழைத்துப் போனதற்கு நான்தான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும்.